தாடை வலி வந்து வந்து போகுதா? பேச்சு குழறுதா? அலட்சியம் வேண்டாம்!

தாடை வலித்தால் சொத்தைப்பல் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் படி ஏறும்போது வலித்து, உட்கார்ந்ததும் குறைந்தால் அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். நெஞ்சு வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம்; குறிப்பாக பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும்.

திடீரென பேச்சு குழறி, சில நிமிடத்தில் சரியானால்? ‘அதான் சரியாயிடுச்சே’ன்னு விட்டுடாதீங்க. அது ‘மினி ஸ்ட்ரோக்’ ஆக இருக்கலாம். அடுத்த 48 மணி நேரத்தில் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம்.

என்ன செய்யணும்? ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். வண்ணார்பேட்டைக்காரர்களுக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை பக்கம்தான். ‘விடிஞ்சதும் பார்த்துக்கலாம்’ என்று காத்திருப்பதுதான் ஆபத்து.