சட்டம் பார்த்தது முகமூடியை!

நடுவர் அவர்களே! "நல்லவனுக்கு எதுக்குங்க முகமூடி? பொது இடத்துல முகத்தை மூடினாலே தண்டிக்கணும்"னு எதிரணி நண்பர் ஒரே போடாப் போட்டார். நீங்க கைதட்டினீங்க, நானும்தான் தட்டினேன். ஆனா இந்தச் சட்டம் பிறந்த கதையை அவர் சொல்லலையே! நான் சொல்றேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம், ஹட்சன் நதிப் பள்ளத்தாக்கு. அங்கே ரென்சலர் என்று ஒரு பண்ணையார் குடும்பம். பல இலட்சம் ஏக்கர் நிலம். காட்டை வெட்டி உழுதவன் குடியானவன். ஆனால் வருஷா வருஷம் அவன் பண்ணைக்குக் கோதுமை அளக்கணும், நாலு கொழுத்த கோழி கொடுக்கணும், வண்டி பூட்டி ஒரு நாள் வேலையும் செய்யணும். நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கா? 1839-இல் பெரிய பண்ணையார் காலமானார். வாரிசுகள் பாக்கியை வசூலிக்கக் கிளம்பினாங்க. குடியானவர்கள் மறுத்தாங்க.

ஷெரீப் ஜப்திக்கு வந்தால் போதும், சாப்பாட்டுக்குக் கூப்பிட ஊதுகிற தகரக் கொம்பு வீட்டுக்கு வீடு முழங்கும். சீட்டித்துணி அங்கி, ஆட்டுத்தோல் முகமூடி போட்டுச் செவ்விந்தியர் வேடத்தில் கூட்டம் கூடிவிடும். முகம் தெரிந்தால் நிலம் போய்விடுமே என்ற பயம்!

அரசு என்ன செய்தது? 1845 ஜனவரியில், வேடம் போட்டு முகத்தை மறைத்தாலே குற்றம் என்று சட்டம் போட்டது. நின்றதா கலகம்? ஆகஸ்டில் ஆண்டிஸ் என்ற ஊரில், குத்தகைப் பாக்கிக்கு மாடுகளை ஏலம் விட வந்த துணை ஷெரீப் ஆஸ்மன் ஸ்டீல் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையை நான் நியாயப்படுத்தலை. ஆனா நடுவர் அவர்களே, அந்தச் சட்டம் முகமூடியைப் பார்த்தது, கோழியைப் பார்க்கலை! (சிரிப்பு, கைதட்டல்) 1846-இல் வந்த புதிய மாநில அரசியல் சட்டம்தான், விளைநிலத்தை 12 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடக்கூடாது என்று அந்த முறையின் வேரில் கை வைத்தது.

"அப்போ கு க்ளக்ஸ் கிளான்?" என்று நண்பர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. வெள்ளை முக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டு கறுப்பின மக்களை நடுங்க வைத்த கூட்டம் அது. ஜார்ஜியா மாநிலம் 1951-இல் அந்த முக்காட்டைத் தடை செய்தது. அதை நான் வணங்குகிறேன். ஆனா 1990-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை எப்படி ஏற்றுக்கொண்டது தெரியுமா? வெறுமனே முகம் மறைப்பது குற்றமில்லை. பிறர் நியாயமாகவே அஞ்சும்படி மிரட்டுவதுதான் குற்றம் என்று எல்லை வகுத்துத்தான் ஏற்றுக்கொண்டது.

நியூயார்க்கின் அந்தப் பழைய சட்டம் 2011-இல் வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்கள் மேலும் பாய்ந்தது. கடைசியில் அதை எடுத்தது எது? கொரோனா! 175 ஆண்டுக்குப் பிறகு 2020-இல் நீக்கினாங்க. முகத்தை மூடாதேன்னு சொன்ன அரசே, மூடுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த வருஷம் முகக்கவசம் இல்லாம மளிகைக் கடைக்குப் போன என்னையே கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டார், அய்யா! ஆனாலும் 2024-இல் அதே மாநிலத்தின் நாசோ மாவட்டம் மறுபடி ஒரு தடை கொண்டுவந்தது.

முகமூடிக்குப் பின்னால் கொடியவனும் இருப்பான், பயந்தவனும் இருப்பான். துணிக்கு அது தெரியாது. சட்டத்துக்குத் தெரிய வேண்டாமா? மிரட்டுகிற கையைப் பிடியுங்கள். மறைகிற முகத்தைப் பார்த்தால், "ஏனப்பா மறைகிறாய்?" என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்கிற தீர்ப்பைத்தான் நடுவரிடம் எதிர்பார்க்கிறேன்.