வயிற்றில் பாய்ந்த குண்டும் தளர்ந்த இதயமும்

அமெரிக்க ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லி சுடப்பட்டது வயிற்றில். ஆனால் கடைசியில் டாக்டர்கள் போராடியதோ அவருடைய இதயத்தைக் காப்பாற்ற! இது எப்படி? கொஞ்சம் பார்க்கலாம் நண்பர்களே.

1901 செப்டம்பர் 6. பஃபலோ நகரக் கண்காட்சியில் மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த மெக்கின்லியை லியோன் சோல்காஸ் என்பவன் இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டால் பெரிய காயம் இல்லை. மற்றொன்று இரைப்பையின் முன்சுவரையும் பின்சுவரையும் துளைத்துவிட்டது. கண்காட்சி வளாகத்தில் இருந்த சிறு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் மாத்யூ மான், பெண்கள் நோய் மருத்துவர். இரண்டு ஓட்டைகளையும் தைத்தார். குண்டு மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் நல்ல செய்திகளே வந்தன. நாடி மட்டும் வேகமாகவே இருந்தது. 12ஆம் தேதி ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். அன்று இரவே நிலைமை மோசமானது, நாடி தளர்ந்தது. டிஜிட்டாலிஸ், ஸ்ட்ரிக்னின் என்று இதயத்தைத் தூண்டும் மருந்துகள் கொடுத்தும் பலனில்லை. 14ஆம் தேதி அதிகாலை 2.15க்கு இறந்தார்.

பிரேதப் பரிசோதனையில் தையல்கள் சரியாகவே இருந்தன. ஆனால் குண்டு சென்ற வழியெங்கும் திசுக்கள் அழுகியிருந்தன, கணையமும் கெட்டிருந்தது. இதயத் தசையிலும் கொழுப்புச் சிதைவு! வேகமான நாடிக்கும், மருந்துக்கு இதயம் அசையாததற்கும் இதுவே காரணம் என்றது அறிக்கை. ஏற்கெனவே பலவீனமான இதயம் என்று பழி அதன் மேல் விழுந்தது.

பழி முழுவதும் இதயத்துக்குத்தானா? 1960களில் ஆலன் லெஃபர் குழுவினர், அதிர்ச்சி நிலையில் இருந்த பூனைகளின் ரத்தத்தில் இதயத் தசையைத் தளரவைக்கும் ஒரு பொருள் இருப்பதாகக் கண்டார்கள். அது பெரும்பாலும் ரத்த ஓட்டம் குறைந்த கணையத்திலிருந்தே வருகிறது என்பது அவர்கள் முடிவு. 1984இல் வேறொரு ஆய்வு, கடுமையான நோய்த்தொற்றில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்து, பிழைப்பவர்களுக்கு மீண்டும் தேறுவதைக் காட்டியது.

மெக்கின்லியின் இதயத்தில் பழைய கோளாறு எவ்வளவு, குண்டு செய்த வேலை எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. இதயத்தில் கொழுப்பு ஊடுருவியது நிச்சயம் ஒரு வாரத்தில் நடந்ததல்ல. ஆனால் வயிற்றில் அடிபட்டவரின் நாடி தொடர்ந்து வேகமாக ஓடினால், இதயத்தைத் தூண்டினால் மட்டும் போதாது. வயிற்றுக்குள் என்ன அழுகுகிறது என்றும் தேட வேண்டும். அந்த ஒரு வாரமும் மெக்கின்லியின் நாடி சொல்லிக்கொண்டிருந்தது ஒருவேளை இதைத்தான்.