மாட்டுப் பொங்கல்

தை மாதம் இரண்டாம் நாள், பெரும்பாலும் ஜனவரி 15 அல்லது 16 அன்று, உழவுக்கும் பாலுக்கும் உதவிய கால்நடைகளுக்காகத் தமிழர் எடுக்கும் விழா மாட்டுப் பொங்கல். முதல் நாள் பொங்கல் சூரியனுக்கு. மறுநாள் பொங்கல் தொழுவத்துக்கு. இலங்கையிலும் கொங்கு நாட்டிலும் பட்டிப் பொங்கல் என்பார்கள். தமிழ்நாட்டில் அதே நாள் திருவள்ளுவர் தினமாகவும் அரசு விடுமுறை. இதை ஒரு வழிபாடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அன்று வீட்டில் நடப்பதில் பாதிக்கு மேல் உடலுழைப்புதான். ஆண்டெல்லாம் மாடு வீட்டுக்குப் பாடுபட்டது. அன்று வீட்டார் மாட்டுக்குப் பாடுபடுகிறார்கள்.

காலையிலேயே வேலை தொடங்கிவிடும். மாடுகளை வாய்க்காலுக்கோ குளத்துக்கோ ஓட்டிப்போய் வைக்கோல் பிரியால் தேய்த்துக் குளிப்பாட்டுவது பையன்களின் பொறுப்பு. கொம்பு சீவுவது கைப்பழக்கம் உள்ள பெரியவர்களின் வேலை. சீவிய கொம்புக்கு வண்ணம் பூசி, சில வீடுகளில் நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுவார்கள். பழைய மூக்கணாங்கயிறும் கழுத்துக்கயிறும் அன்றோடு கழற்றப்பட்டுப் புதியவை ஏறும். நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் சலங்கை. அன்று ஏர் பூட்டுவதில்லை, தார்க்குச்சிக்கும் ஓய்வு. பொழுது சாயும் நேரத்தில் தொழுவத்திலேயே பொங்கலிட்டு, வாழையிலையில் வைத்து மாட்டுக்கு ஊட்டிய பிறகுதான் வீட்டாருக்குப் பந்தி. கொங்குப் பகுதியில் பட்டிக்குள் சாணத்தால் கரைகட்டிச் சிறிய தெப்பக்குளம் அமைத்து, அதை மாடுகளை மிதித்துப் போகச் செய்வதும் உண்டு. கண்ணேறு கழிய, வாசலில் வைக்கோலைக் கொளுத்தி மாடுகளைத் தாண்டவைப்பது வேறு பல ஊர்களின் வழக்கம்.

காவிரிப் படுகையில் மாட்டின் கழுத்துக்கு நெட்டி மாலை வேண்டும். நெட்டி, குளம் குட்டைகளில் வளரும் செடி. அதன் தண்டு தக்கைபோல எடையற்றது. தண்டை அறுத்துக் காயவைத்து, துண்டுகளாக்கிச் சாயம் ஏற்றி, மாலையாகக் கோர்க்கிறார்கள். ஒரு நாள் திருநாளுக்காகப் பல வாரங்களுக்கு முன்பே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து செய்யும் தொழில் இது. இதே நெட்டியில் கோயில் கோபுர உருவங்கள் செய்யும் தஞ்சாவூர்க் கைவினைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டு மாலைக்கு அந்தப் பெருமை எதுவும் தேவைப்படவில்லை.

நன்றி தொழுவத்தோடு முடிவதில்லை. அன்று விடியற்காலையில் பெண்கள் கனுப்பிடி வைக்கிறார்கள். முந்தைய நாள் பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கிழங்கை உரசி, வீட்டின் மூத்த பெண்கள் இளையவர்களின் நெற்றியில் தீற்றி வாழ்த்துவார்கள். பிறகு மொட்டைமாடியிலோ முற்றத்திலோ மஞ்சள் இலை விரித்து, மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம் என்று சிறு சிறு பிடிகளாக வைத்துக் காக்கைக்குப் படைப்பார்கள். வேண்டுதல் உடன்பிறந்தவர்களின் நலத்துக்கு. உடன்பிறந்தவன் தன் பங்குக்குக் கனுச்சீர் கொடுப்பான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் இந்தக் கடமை பொங்கலுக்கு முன்பே பொங்கல்படியாக வந்து இறங்கிவிடும்: அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, காய்கறி, பனங்கிழங்கு. தலைப்பொங்கல் என்றால் பானையும் சேர்ந்து வரும். மணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இன்னும் பங்கு உண்டு என்பதை ஊரறியச் சொல்லும் ஏற்பாடு இது. சீரின் அளவை வைத்து மாமியார் வீடுகள் மதிப்புப் போடுவதும் நடக்கத்தான் செய்கிறது.

கோயில்களில் மாட்டுக்கான மரியாதை நந்திக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் பெருநந்தி காய்கறி, பழம், இனிப்பு வகைகளால் மூடப்படும். திருவண்ணாமலையில் நந்திக்கு வடை, முறுக்கு மாலைகள் சாத்தப்படும். அன்றே சுவாமிக்கும் அம்மனுக்கும் இடையிலான திருவூடல் விழாவும். கோயிலுக்கு வெளியே காளைகளுக்குக் களமும் உண்டு: மதுரை மாவட்டத்தில் தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசை கட்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் சென்னை மெரினா கடற்கரைப் போராட்டத்தையடுத்து அதை மீண்டும் அனுமதித்து வந்த மாநிலச் சட்டத்திருத்தத்தை 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது.

உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்துவிட்டதால், பல வீடுகளில் சந்தனப் பொட்டும் மாலையும் அதற்குத்தான். கறவைக்கு வந்த கலப்பினப் பசுக்களில் கன்றாக இருக்கும்போதே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுகிறார்கள். வண்ணம் பூசக் கொம்பே இருப்பதில்லை. சென்னை அடுக்ககங்களில் இருப்பவர்கள் தெருவில் வரும் பசுவுக்கு அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுத்துத் திருப்திப்படுகிறார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பொங்கலையொட்டி மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தி, மாட்டைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார்கள். அண்ணன் தரும் சீர்ப்பணம் இப்போது கைப்பேசியிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. கரும்புக்கட்டை மட்டும் இன்னும் யாராவது பேருந்தில் நடத்துநரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு தூக்கிவர வேண்டியிருக்கிறது.