கோவளம் அலைச்சறுக்குப் பள்ளி

கோவளம் அலைச்சறுக்குப் பள்ளி, செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம் மீனவ ஊரில் 2012இல் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். ‘கோவ்லாங் பாயின்ட் சோஷியல் சர்ஃப் ஸ்கூல்’ என்பது பள்ளியின் முழுப்பெயர். அதைத் தொடங்கியவர் மூர்த்தி மேகவன், அதே ஊரின் மீனவர். திருவனந்தபுரத்தை அடுத்த கேரளக் கோவளத்திலும் 2005 முதல் ஒரு சர்ஃப் கிளப் உண்டு. கன்னியாகுமரிக்குப் பக்கத்திலும் ஒரு கோவளம் இருக்கிறது. இந்தக் கட்டுரை சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்தைப் பற்றியது.

பல இடங்களில் ஒரு புதிய விளையாட்டு வந்த பிறகுதான் அதற்கான ஆட்களைத் தேடிப் பழக்க வேண்டியிருக்கும். கோவளத்தில் அப்படி இல்லை. பலகை மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது. அலையைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

ஊரும் கடலும்

கோவளம் ஒரு காலத்தில் துறைமுகம். 1720களில் ஆஸ்டென்ட் கம்பெனி இங்கே வணிக நிலையம் வைத்திருந்தது. பிறகு கர்நாடக நவாப் அன்வருதீன் கான் ‘சாதத் பந்தர்’ என்ற கோட்டையைக் கட்டினார். அதை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள்; 1752இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றி இடித்துப் போட்டார். இடிபாடு கிடந்த இடத்தில் 1974 முதல் நட்சத்திர விடுதி ஒன்று நடக்கிறது. அதற்கு வெளியே கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, மீனவர் குடியிருப்பு என ஊர் விரிந்து கிடக்கிறது.

இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரைக்குச் சற்று முன்னால் அலை எழும்பி உடையும் பட்டையைக் கடந்தால்தான் கடலுக்குள் போகவோ கரையேறவோ முடியும். 19ஆம் நூற்றாண்டில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை சென்னையிலும் இதே நிலைதான். கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசுலா படகுகள் ஏற்றி இறக்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுக்கும். கப்பலுக்கு அவசரக் கடிதம் போக வேண்டுமென்றால் கட்டுமரக்காரர் ஒருவர் அதைத் தலைத்தொப்பிக்குள் நனையாமல் செருகிக்கொண்டு துடுப்புப் போடுவார்.

கட்டுமரக்காரரின் திறமை முழுவதும் அந்தப் பட்டையில்தான் வெளிப்படும். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. சில பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின் கொஞ்ச நேரம் கடல் அடங்கும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து கடலுக்குள் நுழைய வேண்டும். திரும்பும்போதோ அலையின் முதுகில் மரத்தை ஏற்றி, அது கவிழாமல் கரைவரை ஓட்டி வர வேண்டும். அலைச்சறுக்கு பழக வருகிறவருக்குப் பயிற்றுநர் முதலில் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதைத்தான். பலகையில் எழுந்து நிற்பதெல்லாம் பிறகு.

அலை வரும் காலம்

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள் மே முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையை எட்டுகின்றன. பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களுக்கு அவை வராதபடி இலங்கை மறித்துக்கொள்கிறது. தீவின் கிழக்கே சுற்றி வரும் அலைகளுக்கு வட தமிழகக் கரையில் தடையில்லை. உலகெங்குமிருந்து சர்ஃபர்கள் போகும் இலங்கையின் அறுகம் விரிகுடாவுக்கும் இதே மாதங்கள்தான் பருவம்.

காற்றும் இதற்குத் துணை செய்கிறது. மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேலைக்காற்று, தென்மேற்குப் பருவ நாட்களின் காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அது அலையின் முகத்தைக் கலையாமல் நிறுத்தி வைக்கும். பிற்பகலில் கடற்காற்று திரும்பினால் நீர் குழம்பிவிடும். ஆகவே வகுப்பும் போட்டியும் பெரும்பாலும் விடியலில் தொடங்குகின்றன. வாடை வீசும் வடகிழக்குப் பருவத்தில் கடல் சீறும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது ஏற்ற காலமல்ல.

முதல் பலகை

2000களின் தொடக்கத்தில் ஜாக் ஹெப்னர் என்ற அமெரிக்கர் கோவளத்தில் அலைச்சறுக்கு ஆடியதை மூர்த்தி பார்த்தார். ‘சர்ஃபிங் சாமி’ என்று அறியப்பட்ட ஹெப்னர் புளோரிடாக்காரர், வைணவத் துறவி. கர்நாடகத்தின் முல்கியில் இந்தியாவின் முதல் அலைச்சறுக்குக் கழகத்தை 2004இல் அமைத்தவரும் இவரே. மூர்த்தி அவருடைய பலகையைக் கேட்டு வாங்கி ஏறிப் பார்த்தார். யாரும் சொல்லித்தராமலேயே எழுந்து நின்றார்.

ஆனால் அதன்பின் பலகைக்கு எங்கே போவது? கடையில் கிடைக்காது; கிடைத்தாலும் மீனவக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. இந்தக் கரை முழுக்க உயிர்களும் வலைகளும் கட்டுமரங்களும் போயின. நிவாரணமாக வந்தவற்றில் ஃபைபர் படகுகள் பெரும்பங்கு. ஏற்கெனவே குறைந்துவந்த கட்டுமரம் அதன்பின் வேகமாக மறைந்தது. பிசினும் கண்ணாடி இழைப் பாயும் சேர்த்து ஃபைபர் படகை ஒட்டும் வேலை கரையில் பரவியது. சர்ஃப் பலகையில் விழும் வெடிப்பை அடைக்கவும் இதே பொருட்கள்தான் வேண்டும்.

சென்னையில் ‘எர்த்சிங்க்’ இசை நிறுவனத்தை நடத்திவந்த இஸ்ரேலியர் யோதம் அகம், மூர்த்தியோடு நட்பானார். பாய்மரப் பலகை விளையாட்டில் பெயர்பெற்ற சென்னைத் தொழிலதிபர் அருண் வாசுவும் கைகொடுத்தார். இப்படித்தான் 2012இல் பள்ளி உருவானது.

பள்ளியின் விதிகள்

பெயரில் இருக்கும் ‘சோஷியல்’ சும்மா ஒட்டியது அல்ல. வெளியூர்க்காரர்கள் கட்டணம் கட்டிப் பழகுவார்கள். அந்த வருவாயில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பலகையும் பயிற்சியும் கிடைக்கும். பயிற்றுநர்களும் ஊர் இளைஞர்களே. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கூடாது என்பவை மூர்த்தி வைத்த கட்டுப்பாடுகள். கேரளக் கோவளத்தின் கழகமும் பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பலகை இல்லை என்ற விதியோடுதான் நடந்தது. இரண்டு ஊர்களும் தனித்தனியாக ஒரே விதிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் எளிது: கரையில் பையன்களின் கவனத்தைப் பிடித்து வைக்க, பலகையைவிட வலுவான பொருள் வேறு இருக்கவில்லை.

பெற்றோர் முதலில் தயங்கினார்கள். கடலுக்குப் போனவன் மீனோடு திரும்ப வேண்டும். வெறுங்கையோடு அலையில் விழுந்து எழுவது பிழைப்பாகுமா என்ற கேள்வி நியாயமானதுதான். பயிற்றுநர் வேலை மாதச் சம்பளமாக வீட்டுக்கு வரத் தொடங்கியபோது அதற்குப் பதில் கிடைத்தது.

திருவிழாவும் போட்டியும்

2013இல் அலைச்சறுக்கோடு இசையையும் யோகாவையும் சேர்த்து ‘கோவ்லாங் பாயின்ட்’ திருவிழா தொடங்கியது. ஆகஸ்ட் மாதங்களில் நடந்த அந்த விழாவுக்குத் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்து, தானும் அலையில் இறங்கினார். அவரால் விழாவுக்குச் செய்தித்தாள்களின் கவனம் கிடைத்தது. நின்றபடி துடுப்புப் போடும் பிரிவில் கோவளத்தின் சேகர் பச்சை பலமுறை தேசிய வாகையர் ஆனார்.

2011இல் உருவான இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு நாடு முழுவதும் தொடர் போட்டிகளை நடத்தியது. பின்னாளில் அருண் வாசு அதன் தலைவரானார். 2016இல் ஒலிம்பிக் குழு அலைச்சறுக்கைச் சேர்த்துக்கொண்டது. கொரோனாவால் தள்ளிப்போன டோக்கியோ போட்டியில், 2021இல், முதல் பதக்கங்கள் வழங்கப்பட்டன. கோவளம் கடற்கரைக்கு ‘நீலக் கொடி’ தரச்சான்று கிடைத்ததும் அதே 2021இல்தான்.

பெரிய போட்டிகள் மட்டும் தெற்கே நகர்ந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள மாமல்லபுரத்துக்குப் போயின. கடற்கரைக் கோயிலின் இருபுறமும் நல்ல அலை உடையும் அந்த ஊரில் ஏற்கெனவே தனிப் பள்ளிகளும் வீரர்களும் இருந்தார்கள். 2023 ஆகஸ்ட்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டியைத் தமிழ்நாடு அரசின் ஆதரவோடு மாமல்லபுரம் நடத்தியது. ஆண்கள், பெண்கள் பட்டங்கள் இரண்டையும் ஜப்பானியர் எடுத்துச்சென்றார்கள்.

2024இல் மாலத்தீவில் நடந்த ஆசிய வாகையர் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா வெள்ளி வென்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அதே போட்டி முதன்முறையாக இந்தியாவுக்கு, மாமல்லபுரத்துக்கே, வந்தது. ஒவ்வொரு அலைக்கும் 10 புள்ளிவரை உண்டு. ஆடியவற்றில் சிறந்த இரண்டைக் கூட்டுவார்கள். இறுதிச் சுற்றில் ரமேஷ் புதிஹால் 12.60 எடுத்து வெண்கலம் பெற்றார். ஆசிய வாகையர் போட்டியில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் வென்றது அதுவே முதல் முறை. தங்கம் தென்கொரியாவுக்கும் வெள்ளி இந்தோனேசியாவுக்கும் போயின.

பெண்கள்

மீனவ ஊர்களில் கடலுக்குள் போவது ஆண்கள் வேலை. மீன் விற்பதும் கணக்குப் பார்ப்பதும் பெண்கள் வேலை. பலகை வந்த பிறகும் இந்தக் கோடு சட்டென்று அழியவில்லை. கோவளத்தின் முதல் தலைமுறை வீரர்களில் ஊர்ப் பெண்களின் பெயர் அரிது. மாற்றம் மாமல்லபுரத்திலிருந்து வந்தது. அங்கே மீன் விற்கும் குடும்பத்தில் வளர்ந்த கமலி மூர்த்தி, சிறுமியாக வெறுங்காலோடு சறுக்குப்பலகை (ஸ்கேட்போர்டு) ஓட்டிய படத்தை அமெரிக்க வீரர் டோனி ஹாக் பகிர்ந்தபோது உலகம் முழுக்க அறியப்பட்டார். அவரைப் பற்றி ‘கமலி’ என்ற குறும்படமும் வந்தது. பின்னர் அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் பட்டம் வென்று இந்திய அணியிலும் இடம்பிடித்தார்.

அடுத்த கட்டம்

2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் நடத்தத் திட்டமிடப்பட்ட ஆசிய விளையாட்டுப் போட்டியில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெறுகிறது. இந்திய அணிக்குப் போட்டியிடுகிறவர்களில் கணிசமானோர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கரையில் பழகியவர்கள்.