பணிநீக்க விசாரணை, பல்கலைக்கழக ஆசிரியர் (அமெரிக்கா)

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணியுரிமை பெற்றவரையோ ஒப்பந்தக் காலம் முடியாதவரையோ பணிநீக்கம் செய்யும் முன் நடத்த வேண்டிய விசாரணை. குற்றச்சாட்டை எழுத்தில் தருவது, பதிலளிக்க அவகாசம் தருவது, சக ஆசிரியர்கள் அடங்கிய குழு விசாரிப்பது ஆகியவை இதன் அடிப்படைகள். ஆசிரியர் சமூகம் போராடிப் பெற்ற உரிமைகளுள் இது தலையாயது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் ஆட்சிக்குழு விரும்பும்வரைதான் ஆசிரியருக்கு வேலை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் ஆசியக் குடியேற்றத்தை எதிர்த்தும், பொதுச் சேவைகளை நகராட்சிகளே நடத்த வேண்டும் என்றும் பேசிவந்தார். நிறுவனர்களுள் ஒருவரான ஜேன் ஸ்டான்ஃபோர்டின் வற்புறுத்தலால் 1900இல் அவர் வெளியேற்றப்பட்டார். அதைக் கண்டித்துப் பதவி துறந்தவர்களுள் மெய்யியலாளர் ஆர்தர் லவ்ஜாயும் ஒருவர். அவரும் ஜான் டூயியும் முன்னின்று 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தைத் தொடங்கினர். டூயி முதல் தலைவரானார். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசிய ஸ்காட் நியரிங்கைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் காரணம் சொல்லாமல் விலக்கியதும் அதே ஆண்டில்தான். குற்றச்சாட்டு குறிப்பாகவும் எழுத்திலும் இருக்க வேண்டும், ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த குழுவே விசாரிக்க வேண்டும் என்று சங்கத்தின் 1915 பிரகடனம் கோரியது. 1940 அறிக்கை தகுதிகாண் பருவத்தை ஏழாண்டுக்குள் வரையறுத்தது. 1958இல் பணிநீக்க நடைமுறைக்கெனத் தனி அறிக்கை வந்தது.

இவ்விரு அறிக்கைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கம்யூனிச எதிர்ப்பு அலை இம்முறையைக் கடுமையாகச் சோதித்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1949இல் மூன்று பேராசிரியர்களை நீக்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்த 31 ஆசிரியர்களை 1950இல் நீக்கியது.

நடைமுறை

சங்கம் பரிந்துரைக்கும் விதிகளின்படி, குற்றச்சாட்டுடன் கூடிய அறிவிப்பு விசாரணைக்குக் குறைந்தது 20 நாள் முன்னதாகத் தரப்பட வேண்டும். ஆசிரியர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நடப்பவை அனைத்தும் சொல்லுக்குச் சொல் பதிவாக வேண்டும். குற்றத்தை நிறுவும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். குழுவின் முடிவைத் துணைவேந்தருக்கு நிகரான தலைவர் ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இறுதி முடிவு ஆட்சிக்குழுவுடையது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

அரசுப் பல்கலைக்கழகங்களை அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனங்களில் பணி ஒப்பந்தமே அடிப்படை. நாடாளுமன்றக் குழுவின் கேள்விக்குப் பதிலளிக்க மறுத்த புரூக்ளின் கல்லூரி ஆசிரியரை விசாரணையின்றி நீக்கியது செல்லாது என 1956இல் ஸ்லோகோவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972இல் ஒரே நாளில் இரு தீர்ப்புகள் வந்தன. ஓராண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத ராத் என்ற ஆசிரியருக்கு விசாரணை கேட்கும் உரிமையில்லை என்றது ஒன்று. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பத்தாண்டு பணியாற்றிய சிண்டர்மன் என்ற ஆசிரியருக்கு, நிறுவனத்தின் வழக்காறே பணியுரிமை தந்திருப்பதை நிறுவ வாய்ப்பளிக்க வேண்டும் என்றது மற்றொன்று. நீக்கும் முன்பே ஆதாரத்தை விளக்கிப் பதில் கேட்க வேண்டும் என்று 1985இல் லவுடர்மில் வழக்கின் தீர்ப்பு பணியில் தொடரும் சட்ட உரிமை பெற்ற அரசு ஊழியர்களுக்கு உறுதிசெய்தது.

இன்றைய நிலை

விஸ்கான்சின் 2015இல் பணியுரிமையை மாநிலச் சட்டத்திலிருந்து நீக்கியது. பணியுரிமைக்குப் பிந்தைய மதிப்பீட்டில் தவறியவரை ஆசிரியர் குழுவின் விசாரணையின்றி நீக்க ஜார்ஜியா 2021இல் வழிசெய்தது. அடுத்த ஆண்டு சங்கம் அதைக் கண்டித்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் இன்று நிரந்தரப் பணியுரிமைக்கு வெளியே இருப்பதால் முழு விசாரணையின் பாதுகாப்பு சிறுபான்மையினருக்கே கிடைக்கிறது.