கீமோதெரபியில் விரல்கள் மரத்துப்போவது ஏன்? புதிய மருந்துகள் என்ன செய்கின்றன?

"விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு, சட்டை பட்டன்கூட போட முடியல." பக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் எடுப்பவர்களிடம் இந்தப் புகாரைக் கேட்கலாம். இந்த மருந்துகள் தாக்கும் இடத்தில்தான் அதற்கான காரணம் இருக்கிறது.

நுண்குழாய் என்றால் என்ன?

நம் செல்களுக்குள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய குழாய்கள் உள்ளன. அகலம் சுமார் 25 நானோமீட்டர்தான். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பது இவைதான். அதற்கு இவை வளர்ந்தும் சுருங்கியும் கொண்டே இருக்க வேண்டும்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணி செடியில் இருந்து கிடைத்தது. நம்ம ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்களே, அதேதான்! இது நுண்குழாய் உருவாவதையே தடுக்கும்.

பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்த பக்லிடாக்சல் இதற்கு நேரெதிர். உருவான குழாயைக் கலைய விடாது. இதை 1979-ல் விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி சூசன் ஹோர்விட்ஸ். 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அங்கு அனுமதி கிடைத்தது.

எந்த வழியாக இருந்தாலும், செல் பிரிய முடியாமல் சிக்கி அழியும்.

சிக்கல் எங்கே?

நரம்பு செல்கள் பிரிவதில்லை. ஆனால், கால் விரல் வரை நீளும் நரம்பிழைக்குள் சத்துகளும் புரதங்களும் பயணிக்கும் தண்டவாளமே நுண்குழாய்தான். அது பழுதானால், நீளமான நரம்புகளின் முனைகளுக்குத்தான் முதல் அடி. அதனால்தான் கையும் காலும் மரத்துப்போகின்றன.

புதிய மருந்துகளில் என்ன மாற்றம்?

நுண்குழாயைத் தாக்கும் வீரியமான மருந்தை, புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஆன்டிபாடியுடன் கோத்து அனுப்புகிறார்கள். செல்லுக்குள் போன பிறகுதான் மருந்து பிரியும். ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கான பிரென்டக்சிமாப் வெடோடினுக்கு 2011-லும், ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் எம்டான்சினுக்கு 2013-லும் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஆனாலும் பிரச்னை முழுசாகத் தீரவில்லை. பிரென்டக்சிமாப் எடுப்பவர்களுக்கும் நரம்பு பாதிப்பு வருகிறது. மருந்து வழியிலேயே கழன்றுவிடாதபடி அந்த இணைப்பை உறுதியாக்குவதுதான் இப்போதைய சவால்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு. நித்தியகல்யாணியை வீட்டில் கஷாயம் போட்டுக் குடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் செடி நச்சுத்தன்மை உள்ளது.