உட்கார்ந்த வேலை

சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மற்றவர்கள் நிற்க, காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். கயிலைக்குத் தலையால் நடந்து போனவருக்கு அந்த மரியாதை என்பார்கள் எங்களூர்ப் பாட்டிமார்.

என் சித்தி நர்ஸ். இருபத்திரண்டு வருடம் வார்டில் நின்றவர். ஆள் குறைவான ஓர் இரவில், பக்கவாதம் வந்த ஒருவரைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைத்தபோது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஆறு மாதம் கழித்து, கேட்டு வாங்கிக்கொண்டு தொற்றுத்தடுப்புப் பிரிவுக்கு மாறினார். "சிஸ்டருக்கென்ன, உட்கார்ந்த வேலை" என்ற பேச்சு அந்த வலியைவிட அதிக நாள் நீடித்தது.

நல்ல நர்ஸ் என்றால் விளக்கோடு இரவெல்லாம் நடப்பவள். கிரிமியப் போர் நமக்குக் கொடுத்த படம் இது. ஆனால் அந்தப் படத்துக்குரிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் போர் மருத்துவமனைகளில் இருந்தது 1854 நவம்பர் முதல் 1856 வரை, இரண்டு வருடத்துக்கும் குறைவாக. 1855 மே மாதம் கடும் காய்ச்சலில் விழுந்தார். புரூசெல்லோசிஸ் ஆக இருக்கலாம் என்று 1995இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். காய்ச்சல் போனது, உபாதை போகவில்லை. 1861 இறுதியில் முதுகெலும்பு வலி முற்றியது. ஏறத்தாழ ஆறு வருடம் நடக்க முடியாமல், அறைக்கு அறை தூக்கிச் செல்லப்பட்டார்.

படுக்கையில் அவர் செய்தது, எண்ணியது. இந்தியாவிலிருந்த ராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அரச ஆணையம் அமைந்தது. இங்குள்ள முகாம்களுக்குக் கேள்விப் படிவங்கள் போயின. வந்த பதில்களைப் படுத்தபடி படித்தார். 1863இல் வெளிவந்த அறிக்கையில், பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று காட்டி, சாக்கடையையும் தண்ணீரையும் நெரிசலையும் குற்றம் சாட்டினார். 1865இல் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியர் முறை பற்றி யோசனைகள் எழுதினார். இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871இல்.

அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. பேரரசின் ஆள், செல்வந்தர் வீட்டுப் பெண். படுத்தபடி வேலை பார்க்க அவருக்குப் பணமும் பணியாட்களும் இருந்தார்கள். அவரைத் தூக்கிச் சென்றவர்களின் முதுகு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.

முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பை வளைக்காதே என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். வலி வந்தால், நீ சரியாகத் தூக்கவில்லை என்று ஆகிவிடும். பெட்டிக்குக் கைப்பிடி உண்டு. நோயாளி பயந்து நம் கழுத்தைப் பிடிப்பார், வழுக்குவார், சட்டென்று கால் மடிந்து சரிவார். அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் நோயாளியைக் கையால் தூக்குவதற்கு உச்சவரம்பு 35 பவுண்டு, சுமார் 16 கிலோ, என்றார். அறுபது கிலோ மனிதரின் ஒரு காலே பத்துக் கிலோவை நெருங்கும். பிரிட்டனில் 1992 விதிகள், ஆபத்தான கைத்தூக்கலை முடிந்தவரை தவிர்க்கும் பொறுப்பை முதலாளியிடம் வைத்தன. இங்கே அந்தப் பொறுப்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

உட்காரும் உரிமையைக் கேரளத்தின் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018இல் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்தது. இரண்டும் கடைகளையும் நிறுவனங்களையும் பற்றியவை. சுற்றிலும் தமிழ்நாடு இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரியின் நிர்வாகத்தில் இருப்பதால், அந்தச் சட்டம் எங்கள் எல்லையோடு நின்றுவிடுகிறது.

உட்கார்ந்த வேலை என்பதும் பாதிப் பொய். சித்தி தினமும் வார்டு வார்டாகப் போகிறார்; கை கழுவுகிறார்களா, ஊசி போட்ட இடம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறார். தூக்குவது மட்டும்தான் இல்லை. ஒரு மாதம் சிசேரியன் ஆன மூன்று பேருக்குத் தையலில் சீழ் வைத்தது. இரவு டியூட்டிக் குறிப்புகளையெல்லாம் வாங்கி மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு தேடினார். மூவருக்கும் கட்டுத்துணி ஒரே டிரம்மிலிருந்து போயிருந்தது. அதை எப்போது திறந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. மறுநாளிலிருந்து திறக்கும் தேதியையும் நேரத்தையும் மூடியில் எழுத வைத்தார்.